வேடிக்கை பார்க்கத் துட்டு கொடுக்கிறவன்

எங்கள் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் மணி என்ன என்று கேட்டால் மணி சொல்ல மாட்டார். “எதுக்கு கேக்கீரு?” என்பார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றால், எந்த பஸ் என்பார். சிவகிரி பஸ் என்றால், சிவகிரியில் யாரைப் பார்க்கப் போகிறீர் என்பார். அதற்குள் சிவகிரி பஸ் புறப்பட்டுப் போயிருக்கும்.

அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தாவது, “என் பேர எதுக்கு எழுதுதா? உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு” என்று கேட்கக்கூடிய ஆள்தான் அவர். எழுபதுகளின் கடைசியில் அவர் கடைக்கு எதிர்மாடியில் பெண்களுக்கான டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் அவர் வழுக்கைத் தலைதான் முதலில் தெரியும். ஐந்தாறு வருஷம் அந்தத் தலையைப் பார்த்துத்தான் என் காலைப் பொழுது தொடங்கியது.

வாடகை சைக்கிள்காரனுக்குச் சந்தேகம் இருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் கடையில் பம்பு மட்டும்தான் மிஞ்சும். தெரிந்த ஆள் வந்து “நான் சொல்லுதேன், குடுங்க” என்றால்தான் எந்தக் கடையிலும் சைக்கிள் தருவார்கள். அண்ணாச்சிக்கு அது போதாது. அவர் தனியாக ஒரு பரீட்சை வைப்பார். மேலநீலிதநல்லூரிலிருந்து வருகிறேன் என்று ஒருவன் சொன்னால், “அங்கன நேத்து நல்ல மழையாமே?” என்று சாதாரணமாகக் கேட்பார். “ஆமா அண்ணாச்சி, நல்ல மழை” என்று அவன் தலையாட்டினால் தீர்ந்தது, சைக்கிள் கிடையாது. அங்கே ஒரு சொட்டு விழவில்லை என்பது முதல் பஸ் கண்டக்டர் வாயிலிருந்து அவருக்கு விடியற்காலையே தெரிந்திருக்கும். “எங்க அண்ணாச்சி மழை, புழுதில்லா பறக்கு” என்று அலுத்துக்கொள்பவனுக்குத்தான் சைக்கிள். அதிலும் நல்ல சைக்கிள் கிடையாது. மட்கார்டு கடகடவென்று ஆடுகிற சைக்கிள்தான் முதல் தடவை. ஆள் எந்தத் தெருவில் போகிறான் என்று காதாலேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களையும் விட மாட்டார். பத்திரிகையை வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பார். “குடும்பத்தோட வந்து வைக்கானே, என்ன கேக்கப் போறானோ” என்று அவர்கள் படி இறங்கும்போதே முணுமுணுப்பார். கோயிலுக்குப் போகும்போது கடையிலிருந்தே வெறுங்காலோடுதான் போவார். சித்திரை வெயிலில் ரத வீதித் தரை எப்படிக் கொதிக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். “செருப்ப வாசல்ல விட்டுட்டு அம்மனக் கும்பிட்டா, மனசு அம்மங்கிட்டயா இருக்கும்?” என்பார். கால் வெந்தால் மட்டும் இருக்குமா என்று நான் கேட்டால், சைக்கிளுக்குக் காற்றடிக்கக் குனிந்துவிடுவார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். ஆனால் ஒரு நாள் நடந்ததை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும். மத்தியானம் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவரிடம் கேட்டிருக்கிறாள். அவர் வழியைச் சொல்லாமல் தண்ணீர் குடிக்கிறாயா தாயி என்று உட்கார வைத்துவிட்டு, கீழே நின்று என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். நான் இறங்கி வந்ததும் மெதுவாகச் சொன்னார்.

“டீச்சர், கையில பை இல்ல. இந்நேரத்துக்கு ரயிலும் இல்ல. காதப் பாரு, கம்மலக் கழட்டி வீட்ல வச்சிட்டு வந்திருக்கா. ஊருக்குப் போறவ கம்மலக் கழட்டுவாளா?”

அவள் தேடுவது ரயிலை இல்லை, தண்டவாளத்தை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெண்ணை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம்தான் அவள் அழுதுகொண்டே வீட்டைச் சொன்னாள், ஆள் அனுப்பியதும் அவள் அண்ணன் வந்து கூட்டிப் போனான். அவள் வேறு யாரிடமாவது வழி கேட்டிருந்தால், நம் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், கை நீட்டி வழி காட்டியிருப்பார்கள். அன்று முதல் அண்ணாச்சியின் சந்தேகத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதைதான் பின்னால் என்னைப் போட்டுப் பார்த்தது.

மெட்ராஸிலிருந்து வேறொரு பெண் வந்தது அதற்கு அடுத்த வருஷம். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பருத்திப் புடவை, எண்ணெய் வைக்காத தலை, தோளில் துணிப்பை. நேராக அண்ணாச்சி கடைக்கு வந்து, “சார், ஒரு சைக்கிள் வேணும். கொஞ்ச நாளைக்கு” என்றாள். அப்போது எங்கள் ஊரில் பொம்பளைகள் சைக்கிள் ஓட்டுவதில்லை. பக்கத்துத் தையற்கடையில் மிஷின் சத்தம் நின்றது. அதற்கும் அடுத்த சோடா விற்கிற கலர்க்கடையில் பாட்டில் திறக்கும் சத்தமும் நின்றது.

“யாருக்கு?” என்றார் அண்ணாச்சி.

“எனக்குத்தான்.”

“எதுக்கு?”

“ஊரைச் சுத்திப் பாக்கணும்.”

“கோயிலு அந்தா தெரியுது. நடந்தே போலாம்.”

“கோயில் இல்ல சார். தெரு, கடை, பஸ் ஸ்டாண்டு, ஜனங்க எங்க நிக்கறாங்க, எங்க உக்காந்து பேசறாங்க, இதையெல்லாம் பாக்கணும். நான் ஆராய்ச்சி பண்றேன்.”

அண்ணாச்சி கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தார். “சம்பளம் உண்டா?” என்றார்.

அவள் வெகுளியாகச் சொன்னாள். சின்ன ஊர்கள் எப்படி நகரமாகின்றன என்று ஆராய்வதற்கு ஒரு அறக்கட்டளை வருஷாவருஷம் உதவித்தொகை கொடுக்கிறது, எழுதிப் போட்டவர்களில் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள், இந்தத் தடவை எனக்குக் கிடைத்தது, ஆடித்தபசுக்கு இத்தனை ஜனம் வந்து போகிற ஊர் என்பதால் சங்கரன்கோவிலை எடுத்துக்கொண்டேன், ஒரு வருஷம் இங்கேதான் இருப்பேன் என்றெல்லாம். அவள் பேசப் பேச அண்ணாச்சியின் கண் சுருங்கிக்கொண்டே போனது.

சைக்கிள் கிடைக்கவில்லை. மறுநாள் அவள் எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்கு ஏதோ டைப் அடிக்க வேண்டும் என்று வந்தாள். பேசிப் பார்த்தேன், நல்ல பெண்ணாகத் தெரிந்தது. நானே கீழே இறங்கிப் போய், நான் சொல்லுதேன் அண்ணாச்சி, குடுங்க என்றேன். எனக்காகக் கொடுத்தார். இருப்பதிலேயே அதிகம் சத்தம் போடுகிற சைக்கிளைத்தான் கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க அவள் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அவளுக்கு முன்னால் அந்த மட்கார்டு சத்தம் போய் நின்றது. மக்கள் பேச்சை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஜனங்கள் இயல்பாக இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று வந்தவளுக்கு இப்படி ஒரு வாகனம்.

“டீச்சர், நீயே சொல்லு,” என்றார் அண்ணாச்சி அன்று சாயங்காலம். “வேடிக்க பாக்கதுக்கு ஒருத்தன் துட்டு குடுக்கானாம். நானும் இத்தன வருசமா இந்த முக்குல உக்காந்து வேடிக்கதான் பாக்கேன். எவனாவது காலணா தந்திருக்கானா?”

“அது படிப்பு சம்பந்தப்பட்டது அண்ணாச்சி.”

“இருக்கட்டும். குடுக்கவன் யாரு? அவனுக்கு நம்ம ஊர்ல என்ன சோலி? ஒருத்தன் துட்டச் செலவழிச்சு ஒன்னப் பாக்கச் சொல்லுதாம்னா, பாக்க எடத்துல அவனுக்கு ஒரு கண்ணு இருக்குன்னு அர்த்தம்.”

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சைக்கிள் கடை, தையற்கடை, கலர்க்கடை, இன்னும் இரண்டு மூன்று சில்லறைக் கடைகள் எல்லாம் ஓடைக்கரையில் புறம்போக்கில் இருந்தன. பட்டாவும் கிடையாது, ரசீதும் கிடையாது. யாரோ கீற்றுப் போட்டார்கள், பிறகு தகரம் போட்டார்கள், பிறகு அது கடை என்றாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று அப்போதே பேச்சு இருந்தது. அந்த வரிசைக்காரர்களுக்கு இருந்ததெல்லாம் அந்த இடம்தான். அது போனால் வேறு பிழைப்பு கிடையாது. எனக்கே இது தெரியும்போது அண்ணாச்சிக்குத் தூக்கம் வருமா?

அவள் காலையில் வந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். படம் வரைவாள். பிறகு எழுந்து போய்க் கேட்பாள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள், எங்கிருந்து வந்தீர்கள். பிள்ளைகளை எண்ணினால் ஆம்பளைகள் கொல்லைப்புறமாக ஓடிய எமர்ஜென்சிக் காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. எனவே முதல் மாதம் அவள் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரி. அடுத்த மாதம் வரி போட வந்தவள். ஆடித்தபசு முடிவதற்குள் அவள் சி.ஐ.டி. ஆகிவிட்டாள். இவ்வளவுக்கும் அவள் எங்கள் தெருவில் பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, எல்லார் வீட்டிலும் காப்பி குடித்துக்கொண்டுதான் திரிந்தாள்.

ஓடைக்கரைக் கடைக்காரர்களை அண்ணாச்சி ஒரு நாள் மத்தியானம் தன் கடைக்குள் கூட்டினார். நான் ஜன்னலிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

“அவ வந்து இது யாரு கடைன்னு கேப்பா. என் கடைன்னு ஒரு பய சொல்லக் கூடாது. சொன்னா அது வாக்குமூலம். பொறம்போக்குல இருக்கேன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. ஓனரு வெளியூர் போயிருக்காரு, நான் சும்மா பாத்துக்கிடுதேன்னு சொல்லுங்க.”

“எந்த ஊருன்னு கேட்டா?” என்றார் தையற்காரர். ஒல்லியான, பயந்த மனிதர். நாலு பெண் பிள்ளைகள்.

“புளியங்குடின்னு சொல்லும் வே. அங்கன எலுமிச்சங்கா ஏலத்துக்குப் போயிருக்காருன்னு சொல்லும். இதுக்குக்கூடவா நான் சொல்லித் தரணும்?”

அண்ணாச்சி சொன்னால் கேட்பார்கள். போலிச் சாமியார் ஒருவன் வசூலுக்கு வந்தபோது அவர்தான் கண்டுபிடித்தார். சீட்டுக் கம்பெனி ஒன்று ஊரையே சுருட்டிக்கொண்டு ஓடியபோது, அவர் பேச்சைக் கேட்ட ஓடைக்கரை வரிசை மட்டும்தான் தப்பித்தது. அவர் சந்தேகம் அந்த வரிசைக்குக் காவல் தெய்வம் மாதிரி.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மாடியேறி வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் பெரிய குழப்பம்.

“அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. இந்த வரிசையில இருக்கிற எல்லாக் கடைக்கும் ஓனர் புளியங்குடிக்கே போயிருக்காங்களே, அங்க என்ன விசேஷம்?”

நான் சிரித்த சிரிப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் என்னால் அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அவரவர் கடை அவரவருடையதுதான், பயத்தில் சொல்கிறார்கள் என்று.

அவள் சிரிக்கவில்லை. “எனக்கும் தெரியுது அக்கா. ஆனா அவங்க சொல்லாததை நான் எழுத முடியாது. நீங்க சொன்னீங்கன்னும் எழுத முடியாது. அவங்க வாயால ஒரு வார்த்தை வரணும். எதிர்சாரியில எல்லாரும் சொல்லிட்டாங்க, எழுதிட்டேன்.” எதிர்சாரி என்பது ஓடைக்கு அந்தப் பக்கம். அதுவும் புறம்போக்குதான். அங்கே அண்ணாச்சி இல்லை.

அவள் ஆராய்ச்சியை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். ஓடைக்கரை வரிசை வந்த இடத்தில், உரிமையாளர் எவரும் இல்லாத தற்காலிகக் கொட்டகைகள் என்று இருந்தது. என் விரல் அங்கே நின்றுவிட்டது. அன்றே இறங்கிப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். இப்படி எழுதினால் நாளைக்கு நீங்கள் யாருமே இல்லை என்றாகிவிடும், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

“வாயால வரணும்னாளா?” அவர் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். “பாத்தியா, வாயப் பிடுங்குதா. டீச்சர், நீ வெள்ளந்தி. ஒங்கிட்ட ஒருத்தி ரெண்டு நாளு காப்பி குடிச்சா நீ அவளுக்கு அக்கா ஆயிருவ.”

கோபம்தான் வந்தது. ஆனாலும், கம்மலைப் பார்த்துக் கண்டுபிடித்த மனிதர் ஆயிற்றே, இவர் கண்ணுக்கு ஏதோ தெரிகிறதோ என்று எனக்குள்ளும் ஒரு பூச்சி ஊர்ந்தது. அதற்குப் பிறகு அவள் சிரித்தால்கூட, ஏன் சிரிக்கிறாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். இந்த வியாதி தொற்றுகிற வியாதி.

மாசி மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. ஊரின் நேற்றும் நாளையும் பற்றிப் பொதுக்கூட்டம், கல்யாண மண்டபத்தில் படக் கண்காட்சி, எல்லாரும் வருக என்று போட்டிருந்தது. கடைசியில் ஒரு வரி: தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே ஆராய விரும்பும் உள்ளூர்க்காரர்களுக்கும் அடுத்த ஆண்டு உதவித்தொகை உண்டு, விண்ணப்பிக்கலாம். அந்தப் பெண் என்னிடம் தனியாகவே சொன்னாள். “நீங்க போடுங்க அக்கா. கோயில் பூ மார்க்கெட்டு பொம்பளைங்களைப் பத்தி நீங்க சொன்னதையெல்லாம் எழுதினாலே போதும்.” எனக்கு அன்று இரவு தரையில் கால் பாவவில்லை. வீட்டில் ஜாதகம் எடுத்துக்கொண்டு அலைந்த நேரம் அது. என்னை ஒருவர் எழுதச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணாச்சி நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். “பின்பக்கம் எதுக்கு வெறுமனே விட்டிருக்கான்?” என்றார். பிறகு கடைசி வரியைப் படித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். “மொதல்ல ஒருத்திய அனுப்புனான். இப்ப நம்ம ஊரு ஆளுகளயே வேல பாக்கச் சொல்லுதான். போட்டுராத டீச்சர். ஒம் பேரு எங்கனயாவது ஏறிட்டா பொறவு எறங்காது.”

நான் போடவில்லை. அப்பா வேண்டாம் என்றார், அம்மா வேண்டாம் என்றார், அதையெல்லாம் மீறியிருப்பேன். அண்ணாச்சி சொன்ன அந்த ஒரு சொல்லை மீற முடியவில்லை.

கூட்டத்துக்கு நல்ல ஜனம். இலவசமாகப் பானகம் கொடுத்தார்கள். மண்டபச் சுவர் முழுக்கப் பெரிய பெரிய காகிதத்தில் எங்கள் ஊர் வரைந்து ஒட்டியிருந்தது. தறிச் சத்தம் கேட்கிற தெருக்கள் ஒரு நிறம், ஆடித்தபசுக்கு ஜனம் படுத்துக்கொள்ளும் இடங்கள் ஒரு நிறம். தன் வீட்டைக் கண்டுபிடித்தவர்கள் விரல் வைத்துக் காட்டிக் கூச்சல் போட்டார்கள். பஸ் ஸ்டாண்டுப் படத்தில் எதிர்சாரிக் கடைகள் ஒவ்வொன்றாக வரைந்து, ஆள் பெயர் எழுதியிருந்தது. ஓடைக்கரையில் மட்டும் கோடு போட்ட வெறும் கட்டம்.

மேடையில் ஆபீஸ்காரர் ஒருவரும் இருந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன், என் சொந்தக்காரர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். அவர் எழுந்து, பஸ் ஸ்டாண்டைப் பெரிதாக்கப் போகிறோம், புதுக் கடைகள் கட்டுவோம், இப்போது அங்கே கடை நடத்துகிறவர்களுக்குத்தான் முதல் உரிமை, இந்தப் படத்தை வைத்துத்தான் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் மைக்கைப் பிடித்தாள்.

“ஓடைக்கரைப் பக்கம் கடை வெச்சிருக்கிறவங்க யாராவது இந்த மண்டபத்தில் இருந்தா, தயவுசெஞ்சு எழுந்து நில்லுங்க. பேர்கூட வேண்டாம், எழுந்து நின்னா போதும். இப்பவே எழுதிக்கறேன்.”

ஓடைக்கரைக் கடைக்காரர்கள் ஆறு பேரும் எனக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணாச்சி. அவர் உதடு அசையாமல் பேசினார். “எவனும் எந்திரிக்காதீங்க. பொறி. மேடையில ஆபீஸர வச்சிக்கிட்டு ஆளக் காட்டுன்னா என்ன அர்த்தம்?”

தையற்காரர் எழுந்தார். முழுக்க எழவில்லை, நாற்காலியை விட்டு உடம்பு தூக்கியது, கை பாதி வரை போனது. அண்ணாச்சி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். தையற்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தப் பெண் அதைப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் கேட்டாள். மூன்றாவது தடவை மேடையின் விளிம்புக்கே வந்து கேட்டாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

ஊரை விட்டுப் புறப்படும் அன்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி கடை முன்னால் வந்து நின்றாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

“அண்ணாச்சி, இந்த சைக்கிள் யாரோடதுன்னு சொல்லுங்க. அவர் கையிலயே குடுத்துட்டுப் போறேன்.”

கெட்டிக்காரி. கடைசி வரை முயற்சி பண்ணிப் பார்த்தாள். அண்ணாச்சியின் கண்ணில் ஒரு நொடி சிரிப்பு வந்த மாதிரி இருந்தது.

“அந்தா, செவுத்துல சாத்தி வச்சிட்டுப் போங்க தாயி. வந்து எடுத்துக்கிடுவாரு.”

அவள் சாத்தி வைத்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, பஸ் ஏறிப் போய்விட்டாள்.

புதுக் கடைகள் கட்டி முடிந்ததும் எதிர்சாரிக்காரர்களுக்குச் சாவி கொடுத்தார்கள். அதற்கு மறுவாரம் காலையில் ஓடைக்கரைக்கு லாரி வந்தது. தகரங்களைப் பிரிக்கிற சத்தம் கேட்டு நான் வகுப்பை விட்டு ஓடி வந்தேன். தையற்காரர் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “இது என் கடைய்யா, எனக்கும் ஒரு எடம் குடுங்கய்யா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆபீஸ் ஆள் கெட்டவர் இல்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. “ஊரே பாக்க மண்டபத்துல மூணு தடவ கேட்டாங்கல்லா? அப்ப ஒருத்தரும் எந்திரிக்கல. இப்ப நான் கேட்டா ரோட்டுல போறவன்லாம் என் கடைம்பான். நான் என்ன செய்ய?” என்றார். அவர் கையில் சுருட்டிய படம் ஒன்று இருந்தது.

அண்ணாச்சியின் சைக்கிள்களை ஆளுக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் மாடிப்படிப் பக்கம் குவித்தோம். அவர் எதையும் தூக்கவில்லை. ஆபீஸ் ஆள் படத்தை விரித்தபோது அவர் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பொய் சொல்லவில்லை, மலர்ந்தது. என்னிடம் ஓடி வந்தார்.

“டீச்சர், பாத்தியா! அது அவ வரைஞ்ச படம்லா! அதே படம்! நான் அன்னைக்கே சொன்னேன்லா, துட்டு குடுக்கவனுக்கு இந்த எடத்துல ஒரு கண்ணு இருக்குன்னு? சொன்னேனா இல்லியா?”

அவர் பின்னால் அவர் கடையின் கூரை இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது.

“அதே படத்துலதான் எதிர்சாரிக்காரங்களும் இருக்காங்க அண்ணாச்சி. அவங்க கையில சாவி இருக்கு.”

அவர் சிரிப்பு நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளியூர்க்காரன் சைக்கிள் கேட்டால் பார்க்கிற பார்வை. இத்தனை வருஷத்தில் என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

“அவ எழுதுனத டைப் அடிச்சது நீதான?”

“நான்தான் அடிச்சேன். சொன்னது நீங்க. ஓனரு புளியங்குடிக்குப் போயிருக்காருன்னு சொன்னீங்களே, வந்துட்டாரா?”

சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அண்ணாச்சி திரும்பி, ஓடைக்கரையைப் பார்த்தார். கலர்க்கடைக்காரர் பாட்டில்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பிறகு மெதுவாக நடந்து, மிஷின்மேல் கையை வைத்துக் குத்தவைத்திருந்த தையற்காரரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“வே,” என்றார். “அன்னைக்கு மண்டபத்துல நான் ஒம்ம சட்டையப் பிடிச்சு இழுக்காம இருந்தா, நீரு எந்திரிச்சிருப்பீரா?”

தையற்காரர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன். அவர் வேட்டித் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இல்ல அண்ணாச்சி. ரொம்ப நேரம் உக்காந்ததுல முட்டு வலிச்சிது. காலை மாத்தி வைக்கத்தான் எந்திரிச்சேன்.”

அண்ணாச்சி அதை நம்பவில்லை.